தோல் இல்லாத குழாய்

அந்த மனுஷர் எதையும் பார்த்துவிட்டுப் பேசியதில்லை. பேசிவிட்டுத்தான் பார்ப்பார். குழாய் ஒழுகுகிறது என்று நான் கதவருகே நின்று சொல்லி முடிப்பதற்குள் "ஒண்ணுமில்லம்மா, சரியாயிரும்" என்று உள்ளேயிருந்து பதில் வந்துவிடும். எங்கே ஒழுகுகிறது, எவ்வளவு ஒழுகுகிறது என்பதெல்லாம் அதற்குப் பிறகு. முதலில் பதில் வரும், பதிலுக்குப் பின்னால் ஆள் வருவார், ஆளுக்குப் பின்னால் ரெஞ்சு வரும்.

அவர் நாங்கள் குடியிருந்த வீட்டின் சொந்தக்காரர். வீட்டுக்காரர் என்று எழுதினால் எங்கள் பக்கத்தில் புருஷன் என்று எடுத்துக்கொள்வார்கள், எனக்கு எதற்கு அந்த வம்பு. நான் அவரை மாமா என்றும் அவர் மனைவியை அத்தை என்றும் கூப்பிட்டேன். உறவு ஒன்றும் கிடையாது. புதுக்கோட்டையில், மேல மூன்றாம் வீதியில், முன்கட்டில் அவர்கள் இருவரும், பின்கட்டில் நானும் என் கணவரும் கைக்குழந்தையும். சமஸ்தானம் இந்தியாவோடு சேர்ந்து ஐந்தாறு வருஷம் ஆகியிருந்த சமயம். என் கணவருக்கு ஓர் ஆபீஸில் குமாஸ்தா வேலை கிடைத்து, நான் கீரமங்கலத்திலிருந்து தட்டுமுட்டுச் சாமான்களோடு வந்து இறங்கியிருந்தேன்.

மாமா சமஸ்தான காலத்தில் மராமத்து ஸ்டோரில் குமாஸ்தாவாக இருந்தவர். இருபது வருஷம் எல்போ, ஸாக்கெட், வால்வு, வாசர் என்று ரிஜிஸ்தரில் எழுதியிருக்கிறார். எது அரை இஞ்ச், எது முக்கால் இஞ்ச் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வார். ஆனால் ஒன்றையாவது கையில் எடுத்துத் திருகியதில்லை. வேலை போய்ப் பென்ஷன் வந்ததும் முதல் காரியமாக ஒரு ரெஞ்சு வாங்கினார். வீட்டுக்குக் குழாய்த் தண்ணீர் வந்தபோது குளியலறைக் கூரையின் மேல் சிமெண்டுத் தொட்டி கட்டி, அங்கிருந்து முற்றத்துக்கு ஒரு பித்தளைக் குழாய் இறக்கினார். காலையில் தண்ணீர் வரும் நேரத்தில் தொட்டி நிரம்பும், பகல் முழுதும் இரண்டு குடும்பமும் அந்த ஒற்றைக் குழாயில் பிடித்துக்கொள்ள வேண்டும். அந்தக் குழாயின் மேல் வெளி ஆள் கையை வைக்க அவர் விட்டதில்லை. தச்சன் வீட்டுக் கட்டில் கால் ஆடும் என்பார்கள். மாமா வீட்டுக் குழாய் தச்சன் வீட்டுக் கட்டிலைவிட மோசம்.

வந்த முதல் வாரத்திலேயே குழாயின் தலை என் கையோடு கழன்று வந்துவிட்டது. தண்ணீர் என் முகத்தில் அடித்தது. "ஒண்ணுமில்லம்மா, ரெண்டு நிமிஷம்" என்று சொல்லிக்கொண்டே வந்த மாமா துவாரத்தில் கட்டை விரலை வைத்து அடைத்தார். அடைத்த பிறகுதான் சாமான் பை கூடத்தில் இருப்பது நினைவுக்கு வந்தது. நான் ஓடிப்போய்ப் பையைக் கொண்டுவந்தேன். "அதுல அரை இஞ்ச் ப்ளக்கு ஒண்ணு இருக்கும், எடும்மா" என்றார். ஒன்றை எடுத்து நீட்டினேன். "அது நிப்பிள்." இன்னொன்றை நீட்டினேன். "அது ரெட்யூசர்." விரலை எடுக்க முடியாமல் அவரும், எதை நீட்டுவது என்று தெரியாமல் நானும், தெப்பமாக நனைந்தபடி கால் மணி நேரம் பாடம் நடத்தினோம். கடைசியில் அத்தை சமையல்கட்டிலிருந்து வந்தார். எங்கள் இருவரையும் ஒரு பார்வை பார்த்தார். தொட்டிக்குக் கீழே சுவரோரம் இருந்த வால்வுச் சக்கரத்தைத் திருகி மூடினார். தண்ணீர் நின்றது.

"மொதல்ல இதை மூடணும்னு எத்தனை தடவை சொல்றது?" என்றார்.

"மூடத்தான் போனேன்" என்றார் மாமா, விரலை எடுக்காமலே.

இன்றைக்கும் எந்த வீட்டில் குழாய் வேலை நடந்தாலும் நான் முதலில் வால்வு எங்கே என்றுதான் தேடுவேன். என் பிள்ளைகள் சிரிப்பார்கள்.

எதிர்வீட்டு ஜலதாரை ஒருமுறை அடைத்துக்கொண்டது. மாமா திண்ணையில் உட்கார்ந்து பேப்பர் படித்தபடியே "பத்து நிமிஷத்துல எடுத்துருவேன்" என்று வாக்குக் கொடுத்தார். மூங்கில் பிளாச்சை உள்ளே விட்டுக் குத்தினார். பிளாச்சு பாதியில் ஒடிந்து உள்ளேயே நின்றுவிட்டது. முன்னால் சோறும் எண்ணெய்ப் பிசுக்கும் மட்டும் அடைத்துக்கொண்டிருந்த இடத்தில் இப்போது மூங்கிலும் சேர்ந்துகொண்டது. அந்த வீட்டார் அதற்காகத் தரையை இடிக்க வேண்டி வந்தது. மாமா ஒரு வாரம் எதிர்ப்பக்கம் பார்க்காமல் தலையைக் குனிந்துகொண்டே கடைத்தெருவுக்குப் போய்வந்தார். எட்டாம் நாள் எதிர்வீட்டம்மாள் கதவுத் தாழ் சரியில்லை என்று யாரிடமோ சொல்லிக்கொண்டிருந்தது காதில் விழ, "ஒண்ணுமில்ல, நான் வாரேன்" என்றார்.

இதையெல்லாம் சொன்னால் அவரை நான் கேலிக்கு மட்டும் வைத்துக்கொண்டிருந்தேன் என்று தோன்றும். அப்படியில்லை. என் குழந்தைக்கு ஒரு தடவை காய்ச்சல் கொதித்து, கண் செருகிவிட்டது. என் கணவர் ஆபீஸில். நான் அழுதுகொண்டே முன்கட்டுக்கு ஓடினேன். மாமா குழந்தையின் நெற்றியைத் தொடவில்லை, முகத்தைக்கூடப் பார்க்கவில்லை. "ஒண்ணுமில்ல தாயி, நாளைக்கு எந்திரிச்சு ஓடுவான்" என்றார். அந்த வார்த்தை எனக்கு எவ்வளவு வேண்டியிருந்தது என்று அப்போதுதான் தெரிந்தது. பிறகு டாக்டர் வந்தார், ஊசி போட்டார், குழந்தை பிழைத்தது. ஆனால் டாக்டர் வரும்வரை என்னைப் பிடித்து நிறுத்தியது மாமாவின் அந்தப் பொய்தான். அது பொய் என்று இருவருக்குமே தெரியும். அன்றிலிருந்து எனக்கு அந்த மனுஷர் மேல் ஒரு பாசம் விழுந்துவிட்டது, அதை இன்றுவரை கழற்ற முடியவில்லை.

அத்தை அவருக்கு நேர் எதிர். பார்க்காமல் ஒரு வார்த்தை பேசமாட்டார். சிவதீட்சை வாங்கியவர். ஒரு வேளைதான் சாப்பாடு, தன் வீட்டார் கையால் எடுத்த தண்ணீர், தன் கையால் ஆக்கிய சோறு. நாங்கள் கவிச்சி சாப்பிடுகிறவர்கள். அதனால் என் குழந்தையைத் தூக்கிக் கொஞ்சுவார், நான் கொடுக்கும் தண்ணீரைத் தொடமாட்டார். அதை மறைக்கவும் மாட்டார், அதற்காக முகம் சுளிக்கவும் மாட்டார். நானும் வித்தியாசமாக எடுத்துக்கொண்டதில்லை.

முற்றத்துக் குழாயில் அத்தை ஒரு சொட்டுக்கூடக் குடித்ததில்லை. காரணம் மாமாதான். குழாய் போட்ட அன்று பெருமை தாங்காமல் அதைப் பிரித்து அத்தைக்கு விளக்கிக் காட்டியிருக்கிறார். "தலையைத் திருகினா இந்தத் தண்டு கீழ எறங்கும். தண்டோட கால்ல காலணா அளவுக்கு வட்டமா இருக்கு பாரு, இதுதான் வாசர். இது ஓட்டையில போய் அழுந்தி ஒக்காந்தா தண்ணி நிக்கும். அசல் தோலாக்கும்." அத்தை அந்த வட்டத்தைப் பார்த்திருக்கிறார். "மாட்டுத் தோலா?" என்று கேட்டிருக்கிறார். "பின்னே?" என்றாராம் மாமா. அன்றோடு சரி. பாத்திரம் கழுவ, முற்றம் தெளிக்க அந்தத் தண்ணீர். குடிக்கவும் ஆக்கவும் பூசைக்கும் கொல்லைக் கிணற்றுத் தண்ணீர்.

என் கணவர் ஒருநாள் வம்புக்கு இழுத்தார். "கோயில்ல மேளம் அடிக்கிறாங்களே, அதுல தோல் இல்லையாங்க அத்தை?"

"மேளத்தை யாரும் குடிக்கிறதில்லை" என்றார் அத்தை.

எங்கள் ஊரில் கமலை கட்டி இறைக்கிற சாலுக்கு அடியில் தண்ணீரைக் கொட்டும் வாலே மாட்டுத் தோல்தான். அந்தத் தண்ணீர் பாயும் வாய்க்காலில்தான் நான் மண்டியிட்டுக் குடித்து வளர்ந்தேன். ஆகவே அத்தையின் சங்கடம் என் வயிற்றுக்குப் புரியவில்லை. ஆனால் அது விளையாட்டு இல்லை என்பது மட்டும் புரிந்தது. அவர் அதைக் கடவுளிடம் கொடுத்த வாக்காக வைத்திருந்தார்.

இரண்டாம் வருஷம் மழை பொய்த்தது. புதுக்கோட்டை மண்ணுக்குக் கீழே பாறை. மாசி பிறப்பதற்குள் கொல்லைக் கிணறு கையை விரித்துவிட்டது. அத்தை குடத்தை எடுத்து இடுப்பில் வைத்துக்கொண்டு நாலு வீதி தள்ளி இருந்த சிவன் கோயில் கிணற்றுக்குப் போக ஆரம்பித்தார். அவருக்கு ஏற்கெனவே இளைப்பு உண்டு. நாலு படி ஏறினாலே மூச்சு விசில் அடிக்கும். நிறைகுடத்தோடு அவர் திரும்பி வரும்போது அந்த விசில் வீதி முனையிலேயே கேட்கும். மாமா தான் போய்க் கொண்டுவருவதாகச் சொன்னார்.

"நீங்க குடத்தைத் தூக்கிட்டு வீதியில வர்றதையும் நான் பார்க்கணுமா?" என்று அத்தை மறுத்துவிட்டார்.

ஒருநாள் டாக்டர் அத்தையின் முதுகில் குழல் வைத்துப் பார்த்துவிட்டு, இனிப் பாரம் தூக்கினால் நெஞ்சு தாங்காது என்று சொன்னார். டாக்டர் படி இறங்கும் முன்பே மாமா பூசை அறைக்குள் போனார். விபூதித் தட்டில் கையை வைத்தார்.

"தோல் இல்லாத குழாய் போட்டுத் தாரேன். நீ வீட்டுலயே குடிக்கலாம். இது சாமி மேல வாக்கு" என்றார்.

அத்தை அவரை நெடுநேரம் பார்த்தார். எதையும் பார்க்காமல் சொல்கிறவர் என்பது முப்பது வருஷம் கூட வாழ்ந்தவருக்குத் தெரியாதா? ஆனால் விபூதித் தட்டில் கை வைத்து அவர் இதுவரை எதுவும் சொன்னதில்லை. "சரி" என்றார் அத்தை.

அதற்குப் பிறகுதான் மாமா தோலுக்குப் பதில் என்ன போடுவது என்று யோசித்தார்.

முதலில் சைக்கிள் டியூபை வெட்டிப் போட்டார். தண்ணீர் அருமையாக நின்றது. ஆனால் ரப்பர் நாற்றம். அத்தை ஒரு வாய் குடித்துவிட்டுக் குமட்டி வாந்தி எடுத்தார். மருந்துப் பாட்டில் கார்க்கைச் சீவிப் போட்டார், இரண்டு நாளில் பொடிப்பொடியாக டம்ளரில் விழுந்தது. பூவரசங்கட்டையில் வட்டம் இழைத்துப் போட்டார், அது ஊறிப் பெருத்துக் குழாயைத் திறக்கவே முடியவில்லை. பாக்கு மட்டையை வெட்டி நாலு மடிப்பாகப் போட்டபோது அவர் முகத்தில் ஒரு வெளிச்சம் இருந்தது. மட்டை தோல் மாதிரியே பதமாக இருந்தது, நாற்றமும் இல்லை. "பார்த்தியாம்மா, மரத்துலயே சாமி தோல் வச்சிருக்கு" என்றார். மூன்றாம் நாள் அது அழுகிக் குழாய் பீய்ச்சி அடித்தது. நாங்கள் கண்டுபிடிப்பதற்குள் தொட்டி காலி. நண்பகல் வெயிலில் அத்தை குடத்தை எடுத்துக்கொண்டு நடந்தார்.

ஒவ்வொரு தடவையும் வால்வை மூடித் திறக்கும் வேலை எனக்கு. மாமாவை நம்பி அதை விட முடியாது அல்லவா. அதனால் சித்திரை வெயிலில் ஒரு மத்தியானம், அத்தை உள்ளே படுத்திருந்தபோது, மாமா மெல்லக் கூப்பிட்டதும் போய்ச் சக்கரத்தை மூடினேன். மாமா குழாயைப் பிரித்தார். மடியிலிருந்து ஒரு காகிதப் பொட்டலத்தை எடுத்துப் பிரித்தார். எண்ணெயில் ஊறிய வட்டத் தோல்.

"மாமா, இது தோலுல்ல" என்றேன்.

"மெதுவாப் பேசு."

"சாமி மேல சத்தியம் பண்ணீங்களே."

மாமா வாசரைத் தண்டில் பொருத்தினார். அது இரண்டு தடவை கீழே விழுந்தது. நான்தான் எடுத்துக் கொடுத்தேன், அதை இப்போது நினைத்தாலும் எனக்குக் கூசும்.

"நேத்து வழியில ரெண்டு எடத்துல ஒக்காந்துட்டாளாம். கடைக்காரவுக சொன்னாக. அவ விழுந்துட்டா நான் என்னம்மா செய்வேன்?" என்றார். தண்டைத் திருகிக்கொண்டே, "தோல் இந்த ஒரு எடத்துல மட்டுமா இருக்கு? ஊர்த் தொட்டியிலேருந்து இங்கிட்டு வர்ற வரைக்கும் எத்தனை வால்வு இருக்கு, அத்தனையிலயும் தோல்தான். என் கையால எழுதி எடுத்துக் குடுத்துருக்கேன். ரப்பர் போட்டப்ப அவ குடிச்சதும் தோல் பட்ட தண்ணிதான்" என்றார்.

"அப்ப வாக்கு எதுக்குக் குடுத்தீங்க?"

"அப்ப இது ஞாபகத்துக்கு வரலைம்மா" என்றார்.

எனக்குக் கோபம் வந்தது. இருபது வருஷம் எழுதிய கணக்கு ஞாபகத்துக்கு வராமல், விபூதித் தட்டு மட்டும் எப்படி ஞாபகத்துக்கு வந்தது என்று கேட்க நினைத்தேன். அவர் முகத்தைப் பார்த்த பிறகு கேட்க மனம் வரவில்லை. சக்கரத்தைத் திறந்துவிட்டேன். குழாய் சொட்டவில்லை.

அத்தையிடம் மாமா புதிதாக எந்தப் பொய்யும் சொல்லவில்லை. சொல்லத் தேவை இருக்கவில்லை. பழைய வாக்கு அப்படியே நின்றுகொண்டிருந்தது, அவர் அதைக் கலைக்கவில்லை, அவ்வளவுதான். "இந்தத் தடவை நின்னுருச்சா?" என்று அத்தை கேட்டார். "நின்னுருச்சு" என்றார் மாமா. அத்தை குழாயடியில் குடத்தை வைத்தார்.

அதற்குப் பிறகு இருபது நாள் அந்த வீடு நன்றாக இருந்தது. அத்தையின் மூச்சு விசில் அடங்கியது. சாயங்காலம் என் குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு ஏதாவது முணுமுணுத்துப் பாடுவார். "குழாய்த் தண்ணியும் ஒரு ருசியாத்தான் இருக்கு" என்றுகூட ஒருநாள் சொன்னார். நான் உள்ளே போய் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டேன். சிரிப்பா அழுகையா என்று எனக்கே தெரியவில்லை. பேசாமல் இப்படியே போனால் யாருக்கு என்ன நஷ்டம் என்று நினைத்தேன். மழை வந்து கிணறு ஊறிவிட்டால் எல்லாம் முடிந்துவிடும், யாருக்கும் எதுவும் தெரியவேண்டாம் என்று தினமும் வானத்தைப் பார்த்தேன்.

காரியத்தைக் கெடுத்ததும் மாமாதான். வாயால் பொய் வந்த அளவுக்கு அவருக்குக் கையாலும் காலாலும் பொய் வரவில்லை. தோல் வைத்த மறுநாளிலிருந்து அவர் பூசை அறைக்குள் போகவில்லை. வாசலில் நின்று கும்பிட்டுவிட்டு நகர்ந்துவிடுவார். அத்தை விபூதித் தட்டை நீட்டினால், "கை ஈரமா இருக்கு, பெறகு எடுத்துக்கிறேன்" என்பார். நெற்றியில் விபூதி இல்லாத மாமாவை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. அத்தையும் பார்த்ததில்லை.

ஒரு காலையில் அத்தை பின்கட்டுக்கு வந்தார். நான் குழந்தைக்குச் சோறு ஊட்டிக்கொண்டிருந்தேன். எதிரே சம்மணமிட்டு உட்கார்ந்தார்.

"அவுக சாமி ரூமுக்குள்ள வர்றதில்லை. கவனிச்சியா?" என்றார்.

"அப்படியா அத்தை?"

"நீதான் அந்தச் சக்கரத்தை மூடித் திறக்குற. ஒனக்குத் தெரியும். அந்தக் குழாயில இப்ப என்ன இருக்கு?"

இரண்டு பதில் இருந்தன. தோல் இல்லை என்றிருந்தால் அவர் ஒருவேளை நம்பியிருப்பார், நானும் மாமாவோடு பாவத்தில் பங்கு வாங்கியிருப்பேன். இருக்கிறது என்றிருந்தால் அவர் கேட்ட உண்மையையாவது கொடுத்திருப்பேன். நான் இரண்டையும் செய்யவில்லை. "எனக்குத் தெரியாது அத்தை" என்று சோற்றைப் பிசைந்தேன். குழந்தை வாயைத் திறந்துகொண்டு காத்திருந்தது. பிசைந்த சோற்றையே மறுபடி மறுபடி பிசைந்தேன்.

"சரிம்மா" என்று அத்தை எழுந்து போனார்.

மறுநாள் விடிந்ததும் குடத்தை எடுத்து இடுப்பில் வைத்துக்கொண்டு தெருவில் இறங்கினார். சண்டை இல்லை, கேள்வி இல்லை. மாமா வாசலில் நின்று பார்த்தார். பிறகு செருப்புகூடப் போடாமல் பின்னாலேயே போனார். திரும்பி வரும்போது அத்தை முன்னால் குடத்தோடும், பத்தடி பின்னால் மாமா வெறும் கையோடும் வந்தார்கள்.

"அதைக் குடு" என்று மாமா சொல்வது கேட்டது.

"வேணாம்" என்றார் அத்தை.

தினமும் இதுதான். நான் பொறுக்கமாட்டாமல் மாமாவிடம் சொன்னேன். "நீங்களே அதைக் கழட்டி அத்தை முன்னால தூக்கிப் போடுங்க மாமா. மன்னிச்சுருன்னு ஒரு வார்த்தை சொல்லுங்க." மாமா அன்றே செய்தார். வால்வை முதலில் மூடினார், அதுவே எனக்கு ஆச்சரியம். வாசரைக் கழற்றிச் சமையல்கட்டுப் படியில் வைத்தார். "தப்புப் பண்ணிட்டேன்" என்றார்.

அத்தை அரிவாள்மணையிலிருந்து நிமிர்ந்தார். "அதை எதுக்குக் கழட்டுனீங்க? பின்கட்டுல புள்ளைக்காரி இருக்கா, அவளுக்குத் தண்ணி வேணும். மாட்டிருங்க" என்றார். குரலில் கோபமே இல்லை. கோபம் இருந்திருந்தால் மாமாவுக்கு ஏதாவது வழி கிடைத்திருக்கும். அவர் வாசரை எடுத்துக்கொண்டுபோய்ப் பழையபடி மாட்டினார். எனக்காகத்தான் மாட்டினார், அந்தத் தண்ணீரைப் பிடிக்க என் கை வரவில்லை, ஆனாலும் பிடித்தேன். குழந்தை இருக்கும் வீட்டில் என்ன செய்வது?

வைகாசி பாதியில் அத்தை வீதி முனையில் விழுந்தார். குடம் உருண்டு சாக்கடையோரம் கிடந்தது. கடைக்காரர்கள் ஜட்கா வண்டி பிடித்துக் கொண்டுவந்து சேர்த்தார்கள். டாக்டர் வந்து ஊசி போட்டுவிட்டு, கட்டிலை விட்டு எழக்கூடாது, நிறையத் தண்ணீர் குடிக்க வேண்டும் என்று சொல்லிப் போனார். அன்னவாசலில் இருந்த மகளுக்கு ஆள் போயிற்று. மகள் மறுநாள் காலை வண்டியோடு வந்து அத்தையை அழைத்துப் போய்விட்டாள். அங்கே வற்றாத கிணறு இருந்தது. அத்தை அதற்குப் பிறகு ஏழெட்டு வருஷம் இருந்ததாகக் கேள்வி. புதுக்கோட்டைக்கு அவர் திரும்பவில்லை. மாமா அடிக்கடி போய்ப் பார்த்துவிட்டு வருவார், ஆனால் அங்கே தங்கியதில்லை. ஆனால் நான் சொல்ல வந்தது அத்தை விழுந்த அன்றைய மத்தியானத்தைப் பற்றி.

கட்டிலில் படுத்தபடி அத்தை தண்ணீர் கேட்டார். முதல் நாள் கொண்டுவந்த கோயில் தண்ணீர் தீர்ந்திருந்தது. இளநீர் வெட்டிக் கொடுத்தோம், இரண்டு மிடறு குடித்துவிட்டு மறுபடி தண்ணீர்தான் கேட்டார். மாமா என்னைப் பார்த்தார். நான் முற்றத்துக் குழாயைப் பார்த்தேன். மாமா வேண்டாம் என்று தலையை ஆட்டினார். நசுங்கிய குடத்தை எடுத்துத் தோளில் வைத்துக்கொண்டு, கொளுத்துகிற வெயிலில், வேட்டியை மடித்துக் கட்டி, தெருவில் இறங்கி நடந்தார். வீதியில் இருந்தவர்கள் எல்லாம் வாசலுக்கு வந்து பார்த்தார்கள். நான் அத்தைக்கு விசிறிக்கொண்டு கட்டிலருகே உட்கார்ந்திருந்தேன்.

முக்கால் மணி நேரம் ஆயிற்று. மாமா திரும்பி வந்தபோது சட்டை தோளிலிருந்து இடுப்புவரை நனைந்திருந்தது. தார் உருகிய வீதியில் வெறுங்காலோடு நடந்ததில் குதிகால் கொப்புளித்திருந்தது. குடத்தில் பாதித் தண்ணீர்தான் மிச்சம். பித்தளை டம்ளரைச் சாம்பல் போட்டுத் தேய்த்துக் கழுவி, நிறைய மொண்டு, இரண்டு கையாலும் பிடித்துக் கட்டிலருகே கொண்டுவந்தார். நான் அத்தையின் தலையைத் தூக்கிப் பிடித்தேன்.

டம்ளர் உதட்டருகே வந்ததும் அத்தை கண்ணைத் திறந்தார்.

"இது எங்க எடுத்தது?" என்று கேட்டார்.

"கோயில் கிணத்துல" என்றார் மாமா.

அத்தை அவரைப் பார்க்கவில்லை. மெல்ல என் பக்கம் திரும்பினார். நான் மாமாவோடு போகவில்லை. அவர் வாளி விட்டு இறைத்ததை நான் பார்க்கவில்லை. அந்தக் கால் கொப்புளம் ஒன்றே எனக்குப் போதுமானதாக இருந்தது, ஆனால் படுத்திருந்தவருக்கு அது தெரியவில்லை.

"ஆமா அத்தை, கோயில் தண்ணிதான்" என்றேன் அவசரமாக.

அத்தை என் முகத்தையே பார்த்தார். நேரில் பார்த்ததைத் தெரியாது என்று சொன்னவள், பார்க்காததைத் தெரியும் என்கிறாள். அவர் அதைச் சொல்லவில்லை. சொல்லாமலே எனக்குக் கேட்டது.

"வைங்க. பெறகு குடிக்கிறேன்" என்று கண்ணை மூடிக்கொண்டார்.

நான் அவர் தலையைத் தலையணையில் இறக்கினேன். வறண்ட நாக்கால் உதட்டை ஒருமுறை தடவிக்கொண்டார். மாமா டம்ளரைக் கீழே வைக்கவில்லை. அதை இரண்டு கையிலும் பிடித்துக்கொண்டு, அத்தை கண்ணைத் திறப்பதற்காகக் கட்டிலோரம் நின்றுகொண்டே இருந்தார்.